ஒரே கைப்பேசியில் முழு வகுப்பும் படம் எடுக்கலாம்

வணக்கம் டீச்சர். பினாங்கில் ஆண்டு 4 வகுப்பு, டேப்லட் பற்றாது, கான்வா என்ற வடிவமைப்புச் செயலியைக் கொடுத்தால் எல்லாரும் ஒரே வார்ப்புருவையே எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைப்பேசி ஒன்றே போதும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ செயலியை இறக்குங்கள், எடுத்த படங்களை வரிசையாக ஓட்டி அசையும் படமாக்கித் தரும். பிள்ளைகள் தைப்பூச வெள்ளி ரதத்தையும் அதை இழுக்கும் காளைகளையும் மணிலா அட்டையில் வரைந்து வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கட்டும். நொடிக்கு 10 படம் என்றால் 20 நொடிக்கு 200 படம். கணக்குப் பாடமும் கூடவே வந்துவிடும். கைப்பேசியைப் புத்தக அடுக்கோடு செலோடேப் போட்டு ஒட்டுங்கள், அசைந்தால் படம் குதிக்கும். சன்னலையும் சாத்திவிடுங்கள், வெளிச்சம் மாறினால் மினுக்கும். ஆனால் முதலில் கதையைக் காட்சி காட்சியாகத் தாளில் வரையச் சொல்லுங்கள். இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், சொந்தக் கற்பனை வருவது இங்கேதான். அப்புறம் குரல் பதிவு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள்.