களிமண் அடித்தளம், ஜிசிஎல், எச்டிபிஇ ஷீட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, கழிவுநீர்க் குளத்துக்குக் களிமண் அடித்தளம் போட்டோம். 95 சதவீத அடர்த்தி வந்தும் களத்தில் கசிவுச் சோதனை தோற்றுவிட்டது. ஏன்? (நிபோங் திபால்)

முதலில் ஈரப்பத ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். உகந்த ஈரத்துக்கு (மண் மிக நன்றாக இறுகும் ஈர அளவுக்கு) கீழே உள்ள மண்ணையும் ரோலரை ஓட்டி ஓட்டி 95-க்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் உள்ளே மண்கட்டிகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்திருக்காது. அந்த இடுக்குகளில் தண்ணீர் போகும். நொடிக்கு 1×10⁻⁹ மீட்டருக்குள் கசிவு நிற்க வேண்டுமானால், ஸ்டாண்டர்ட் புராக்டர் (ஆய்வுக்கூட இறுக்கச் சோதனை) காட்டும் உகந்த ஈரத்தைவிட 2 முதல் 4 சதவீதம் கூடுதலாக வைத்து இறுக்குங்கள்.

தளர்வாக 20 செ.மீ. பரப்பினால் இறுக்கியபின் ஏறக்குறைய 15 செ.மீ. நிற்கும். ரோலரின் பற்கள் புது அடுக்கைத் துளைத்துக் கீழடுக்கைத் தொட வேண்டும். வழவழப்பான டிரம் மட்டும் ஓட்டினால் அடுக்குகள் ஒட்டாது. மேலடுக்கில் இறங்கிய நீர் பக்கவாட்டில் ஓடி அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு அடுக்கையும் கீறிவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். டெஸ்ட் எடுத்த துளைகளைப் பென்டோனைட் (நீர் பட்டால் உப்பும் களிமண்) கலந்து அடைத்தார்களா என்றும் பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

அன்றைய வேலை முடியும்போது மட்டும் வழவழப்பான டிரம்மால் மேற்பரப்பை மூடிவிட்டால் மழைநீர் வழிந்தோடும். வெயிலில் திறந்தே போட்டு வெடிப்பு விட்டிருந்தால், அந்த அடுக்கைக் கிளறி, ஈரமாக்கி, மறுபடி இறுக்குவதுதான் வழி. மேலே சேறு பூசி மூடுவது ஏமாற்று வேலை.

ஜிசிஎல் (இரு துணிகளுக்கு நடுவே பென்டோனைட் வைத்த விரிப்பு) விரித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. காயவிட்டுப் பயன்படுத்தலாமா? (பட்டர்வொர்த்)

மேலே பாரம் இல்லாமல் ஊறியிருந்தால் எடுத்துவிடுங்கள். பூட்ஸோடு நடந்தாலே பென்டோனைட் பக்கத்துக்குப் பிதுங்கி, மிதித்த இடம் மெலிந்துபோகும். காய்ந்தாலும் அது திரும்பி வராது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் வேலை என்றால், அன்றே மூடக்கூடிய அளவுக்கு மட்டும் ரோலைப் பிரியுங்கள். ஷீட்டைப் போட்டால் மட்டும் மூடியதாகாது. குறைந்தது 30 செ.மீ. மண் ஏற வேண்டும். பக்க மேற்பொருத்தம் 15 செ.மீ., ரோல் முனைகளில் 30 செ.மீ. அல்லது கூடுதல். தயாரிப்பாளர் கேட்டால் பொருத்துக்குள் மீட்டருக்குச் சுமார் 400 கிராம் பென்டோனைட் தூள்.

1.5 மி.மீ. எச்டிபிஇ ஷீட் (கசிவைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு) மத்தியானத்தில் அலை அலையாக எழும்புகிறது. அப்படியே மூடலாமா? (செந்தூல்)

கூடாது. 100 மீட்டர் ஷீட் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 60 செ.மீ. நீளும். அப்படி எழும்பிய அலையின் மேல் மண் விழுந்தால் மடிப்பு அப்படியே உட்கார்ந்துவிடும். பின்னாளில் அந்த இடத்தில்தான் விரிசல் வரும். காலைக் குளிர்ச்சியில், ஷீட் தரையோடு படிந்திருக்கும்போது மூடுங்கள்.

இரட்டை வெல்டில் (இரு ஒட்டுக் கோடுகள், நடுவே காற்று வழி) காற்றுச் சோதனை பாஸ் ஆனால் போதுமா? (புக்கிட் மெர்தாஜாம்)

கேஜ் முள் நின்றதை மட்டும் நம்பாதீர்கள். சுமார் 200 கிலோபாஸ்கல் ஏற்றி 5 நிமிடம் பாருங்கள். 20-க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு காற்று வழியின் மறுமுனையை அறுக்கச் சொல்லுங்கள். அங்கே காற்று சீறி, முள் விழ வேண்டும். விழாவிட்டால் நடுவில் வழி அடைத்திருக்கிறது. நீங்கள் பாதி வெல்டைத்தான் சோதித்திருக்கிறீர்கள். நடுவே காற்று வழி இல்லாத எக்ஸ்ட்ரூஷன் ஒட்டுகளுக்கு (உருக்கிய பிளாஸ்டிக்கைப் பிழிந்து ஒட்டுபவை) சோப்புத் தண்ணீரும், காற்றை உறிஞ்சும் வேக்குவம் பெட்டியும். நீர்க்குமிழி வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பேட்ச் போட்டு, அதையும் மறுபடி சோதியுங்கள்.