44.1-ஐ 192 ஆக்கினால் என்ன கிடைக்கும்?

கேள்வி: சிடி பிளேயருக்கும் டிஏசிக்கும் (டிஜிட்டல் எண்களை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) நடுவில், மாதிரி வேகத்தை 44.1-இலிருந்து 192 கிலோஹெர்ட்ஸாகக் கூட்டும் அப்ஸ்கேலர் பெட்டி ஒன்றை வைத்தால் ஒலி மேம்படுமாமே? கூடவே விலை உயர்ந்த டிஜிட்டல் கேபிளும் வேண்டுமாம். வாங்கலாமா?

பதில்: வட்டில் இல்லாததை எந்தப் பெட்டியும் கொண்டுவராது. சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள்தான் (ஒலியை அளந்த புள்ளிகள்), அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ்; பதிவாகும் ஒலி அதில் பாதி வரைதான், அதனால் சுமார் 22 கிலோஹெர்ட்ஸோடு கதை முடிந்தது. 192 ஆக்கும்போது நடுவில் வரும் புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். அதற்காக வெறும் ஏமாற்று என்றும் தள்ளிவிட முடியாது. மாதிரி வேகம் கூடினால் டிஏசிக்குப் பின்னால் வரும் அனலாக் ஃபில்டர் (தேவையற்ற உயர் அதிர்வெண்களை நீக்கும் பகுதி) அவ்வளவு செங்குத்தாக வெட்டவேண்டியதில்லை. பிலிப்ஸ் தன் முதல் சிடி பிளேயரிலேயே 14 பிட் சிப்பை வைத்துக்கொண்டு நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (இப்படி மாதிரி வேகத்தைக் கூட்டுவது) செய்தது. இன்றைய டிஏசி சிப்கள் பெரும்பாலும் உள்ளுக்குள் இதைத் தாங்களே செய்துகொள்கின்றன. அப்புறம் எதற்குத் தனிப் பெட்டி? வித்தியாசம் கேட்டால் அது பெரும்பாலும் ஃபில்டரின் குணம். வேறொருவரை அப்ஸ்கேலிங்கை மாற்றி மாற்றிப் போடும் பட்டனை அழுத்தச் சொல்லி, பார்க்காமல் கேளுங்கள்.

கேபிளா, சரி. கோஆக்ஸியல் (உலோகக் கம்பி வழி) என்றால் 75 ஓம், நீளம் குறைவு, இறுக்கமான பிளக், போதும். ஆப்டிகலில்தான் (ஒளி வழி கேபிள்) கவனம் தேவை, பல கருவிகள் அதில் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்பதில்லை. நானே ஒருமுறை 192-இல் வைத்துவிட்டு, சத்தமே வராமல் அரை மணி நேரம் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.