மடியில் குழந்தை, முன்சீட்டில் அம்மா

கேள்வி: மகனுக்குப் பத்து மாதம், பத்து கிலோ. மாதம் இருமுறை கோவையிலிருந்து பழனியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் காரில் போகிறோம். முன்சீட்டில் நான் பெல்ட் போட்டு, அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நாத்தனார் வாங்கித் தந்த சைல்ட் சீட்டில் வைத்தால் கத்தி ஊரைக் கூட்டுகிறான். கணவர் நிதானமாகத்தான் ஓட்டுவார். மடியிலேயே வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: வேண்டாம். 'இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்' என்கிறீர்களே, சிக்கலே அதில்தான். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், அந்த ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் உங்கள் பத்து கிலோ மகன் ஏறத்தாழ 200 கிலோ மூட்டைபோல முன்னால் இழுப்பான். எந்தக் கையும் தாங்காது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் இதுவும் ஒன்றுதான். 50 என்பது நிதானமான வேகம் என்றுதானே நினைக்கிறோம்?

ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். உங்கள் எடை முழுவதும் அவன்மேல் விழும். முன்சீட்டில் ஏர்பேக் வேறு இருக்கிறது. பெரியவர்களின் நெஞ்சைக் கணக்கில் வைத்துச் செய்தது அது. விரியும் வேகத்தில் அது அறைவது உங்கள் மடியில் இருக்கும் தலையைத்தான்.

ஆகவே சைல்ட் சீட்டைப் பின்சீட்டில் மாட்டுங்கள், அதிலும் காரின் பின்பக்கம் பார்த்தபடி. இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. முன்னே பார்த்து உட்கார்ந்தால் மோதலில் உடம்பு சைல்ட் சீட்டின் வாரில் நிற்கும், தலை மட்டும் வீசி எறியப்படும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகே தாங்கிக்கொள்ளும். குறைந்தது இரண்டு வயதுவரை, சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்புக்குள் இருக்கும்வரை இப்படியே வையுங்கள். கால் மடங்கியிருக்கிறதே என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். குழந்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மாட்டியதும் பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தோள் அருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

வழியில் இளநீர் வாங்க இறங்கினாலும் அவனைத் தனியாக விட்டுப் போகாதீர்கள். குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

சரி, அழுகைக்கு வருவோம். சீட்டை முதலில் வீட்டுக் கூடத்தில் வைத்து, அதில் உட்கார்த்தி விளையாட்டுக் காட்டுங்கள். அப்புறம் தெருமுனைவரை ஒரு சுற்று. நீளப் பயணத்தை அவன் தூங்கும் நேரத்துக்கு மாற்றி, நீங்கள் பின்னால் அவன் பக்கத்தில் உட்காருங்கள். வெயிலில் நின்ற காரில் கொக்கி சுடும், தொட்டுப் பார்த்து மாட்டுங்கள். பால் கேட்டால் ஓடும் காரில் வாரை அவிழ்க்காமல், ஓரம் கட்டி நிறுத்திவிட்டுக் கொடுங்கள். பழனி போய்ச் சேர அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.