அலுவலகத்தில் ஒரு கடல் தொட்டி

கேள்வி: அலுவலகத்தில் சிறிய கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசை. செலவைக் குறைக்க தூத்துக்குடி உப்பையே கரைத்து ஊற்றலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது. உப்பளத்து உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மீனுக்கு மெக்னீசியம், கால்சியம் எல்லாம் வேண்டும். மீன் கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையையே வாங்குங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 1¾ கிலோ உப்பை ஆர்.ஓ. தண்ணீரில், தனி வாளியில் கரைத்து, ஓர் இரவு மோட்டார் ஓடவிட்டு ஊற்றவும். அடர்த்தி (நல்ல தண்ணீர் 1 என்றால்) 1.025 இருக்க வேண்டும். அதை அளக்கும் மானியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பவளப்பாறைத் துண்டுகளைக் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா தங்க உலர் பாறையோ செராமிக் வளையமோ போதும். ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு 4 முதல் 6 வாரம் காத்திருங்கள்; அது அழுகி வரும் அம்மோனியாவில்தான் அந்தப் பாக்டீரியா பெருகும். மீனுக்கு நஞ்சான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மீன். பலர் இந்தப் பொறுமை இல்லாமல்தான் மீனைச் சாகக் கொடுக்கிறார்கள். பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளி மீன் இரண்டு போதும்.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். வாரம் 5 லிட்டர் மட்டும் புது உப்புநீராக மாற்றவும்.

நம்மூர் மே மாதத்தில் ஞாயிறன்று ஏ.சி. நின்றால் நீர் 30 டிகிரியைத் தாண்டும், ஆக்சிஜன் குறையும். காற்று நீர்மட்டத்தில் படும்படி சிறு விசிறி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். மின்தடைக்கு பேட்டரி காற்று மோட்டார் அவசியம். நிரம்பிய தொட்டி 60 கிலோவுக்கு மேல் கனக்கும். மேசை தாங்காது, இரும்பு ஸ்டாண்டில் வையுங்கள்.