மாடியில் வடாம், மடியில் தேங்காய்: குட்டிகளோடு ஒரு வருஷம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுடையவை. எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி ஃப்ளாட். பையனுக்கு நான்கு வயது. கோடை விடுமுறையில் வெளியே விட்டால் வெயில், உள்ளே வைத்தால் போன். காகிதம் வெட்டி ஒட்டுவது, கலர் அடிப்பது எல்லாம் பத்து நாளில் சலித்துவிட்டது. புதிதாக ஏதாவது சொல்லுங்கள் அக்கா. – சென்னை வாசகி

மாடி இருக்கிறது, வெயில் இருக்கிறது. அப்புறம் என்ன, வடாம் போடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கைவேலை கோடையில் கிடையாது, அதுவும் மூன்று நாள் ஓடும்.

ஒரு டம்ளர் ஜவ்வரிசியை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். டம்ளரில் அளந்து கொட்டுவது அவன் வேலை. கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும், பொறுக்கி எடுப்பதும் அவன் வேலைதான். காலையில் ஐந்தாறு டம்ளர் தண்ணீர் விட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து இறக்கிவிடுங்கள். பச்சை மிளகாய் விழுதை இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துக்கொள்வான். அடுப்பு வேலை உங்களுடையது. கூழ் நன்றாக ஆறிய பிறகு, கைவிரலை விட்டுப் பார்த்துச் சூடே இல்லை என்றால்தான், ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு ஸ்பூனோடு அவனிடம் கொடுங்கள்.

காலை ஆறரைக்கே மாடிக்குப் போய்விடுங்கள். சுத்தமான பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தால் களம் தயார். முதல் வடாம் தோசை அளவுக்குப் போகும், இரண்டாவது வெறும் ஒரு சொட்டாக விழும். பத்தாவது வடாமில் பாருங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு ஸ்பூனைச் சாய்ப்பான். பின்னால் பென்சில் பிடிக்கப் போகிற அதே விரல்களும் மணிக்கட்டும்தான் இங்கே பழகுகின்றன. அவன் போட்டதைத் திருத்தி வட்டமாக்காதீர்கள். கோணல் வடாமும் எண்ணெயில் பொரியும்.

எட்டரைக்குள் கீழே இறங்கிவிடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை மாடிப் பக்கமே போகக் கூடாது, மே மாதத் தளத்தில் செருப்பில்லாத கால் கொப்பளித்துவிடும். சாயங்காலம் மறுபடி ஏறினால் வடாமின் மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். துணியின் பின்னால் லேசாகத் தண்ணீர் தெளித்து உரித்தெடுத்துத் திருப்பிப் போடுவது அவனுக்கு ஒரு பெரிய அதிசயம். காக்காய்க்காக ஒரு கறுப்புக் குடையை விரித்து வையுங்கள், இல்லையென்றால் அவனையே காலை வெயிலில் கொஞ்ச நேரம் காவலுக்கு உட்கார வையுங்கள். கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது.

எங்கள் ஊரில் ஆடி ஒண்ணாம் தேதி தேங்காய் சுடுவோம். மகனும் மருமகளும் பெங்களூரில் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். பேத்திக்கு மூன்றரை வயது. இந்த வருஷம் நான் அங்கே இருப்பேன். அவளை வைத்துக்கொண்டு சுடலாமா? மருமகள் நெருப்பு என்றாலே பயப்படுகிறாள். – சேலம் வாசகி

சுடுங்கள் அம்மா, தாராளமாகச் சுடுங்கள். மற்ற ஊர் வாசகர்களுக்காக இரண்டு வரி: சேலம், நாமக்கல், கரூர்ப் பக்கம் ஆடி முதல் நாளில், அதாவது ஜூலை பாதியில், தேங்காயின் ஒரு கண்ணைத் திறந்து, உள்ளே வெல்லம், அவல், எள், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை எல்லாம் போட்டு, மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி நெருப்பில் வாட்டுவார்கள். சுட்ட தேங்காயைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பார்கள். ஒரு தடவை தின்றவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதில் நெருப்பு என்பது கடைசி அரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் இருக்கிற ஒன்றரை மணி நேரமும் பேத்தியுடையது. நார் உரித்த தேங்காயைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் உரசி மிச்ச நாரைப் போக்க வேண்டும் இல்லையா, அதை அவளிடம் விடுங்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கர்ர் கர்ரென்று தேய்ப்பாள், சலிக்காது. கண்ணைத் திறப்பது நீங்கள். உள்ளே இருக்கிற தண்ணீரை டம்ளரில் சரிக்கும்போது அவள் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு சிட்டிகையாக அந்தச் சின்ன ஓட்டைக்குள் அவலையும் எள்ளையும் தள்ள வேண்டும். பாதி வாய்க்குள் போகும், பரவாயில்லை. காதருகே வைத்து உலுக்கிப் பார்ப்பாள். நிறைய நிறையச் சத்தம் மாறுவதை நீங்கள் சொல்லாமல் அவளே கண்டுபிடிக்கட்டும்.

ஒன்றே ஒன்று: முழுப் பொட்டுக்கடலை வேண்டாம், மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் பொடியாக்கிப் போடுங்கள். நான்கு வயதுக்குள் முழுக்கடலை, வேர்க்கடலை இதெல்லாம் சிரித்துக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழாயில் போய்விடுகிறது.

குச்சியை இறுக்கி அடைக்காதீர்கள், ஆவி போக வழி வேண்டும். அழிஞ்சிக் குச்சியை ஊரிலிருந்தே நாலைந்து சீவி எடுத்துப் போய்விடுங்கள், பெங்களூரில் தேடி அலைய முடியாது. ஃப்ளாட்டில் விறகுக்கு வழியில்லை என்றால் கேஸ் அடுப்பில் திருப்பித் திருப்பிச் சுடலாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்த நேரம் பேத்தி சமையலறை வாசலுக்கு வெளியே அம்மா மடியில் இருக்கட்டும். மருமகளின் பயமும் அதோடு தீரும். ஓடு கருகி விரிசல் விடுகிற சத்தம் அங்கேயே கேட்கும், வாசனையும் வரும். நன்றாக ஆறிய பிறகு உடைத்து, தேங்காய்ப் பத்தையை அவளுக்குச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள்.

மழைக்காலம் வந்தாலே என் மகள் தெருத் தண்ணீரில் குதிக்க வேண்டும் என்று அழுகிறாள். மாமியார் சளி பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி? – கடலூர் வாசகர்

சளி கிருமியால் வருவது, மழையால் வருவதில்லை. ஆனால் மாமியாரின் தடையில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. தெருவில் தேங்கும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், எலி மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும், காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலே போதும். மூடாத பள்ளமும் அறுந்த மின்கம்பியும் வேறு. ஆகவே தெருத் தண்ணீர் கிடையாது, மழை உண்டு.

இடி மின்னல் இல்லாத மழையில் முற்றத்திலோ மாடியிலோ ஒரு கால் மணி நேரம் நனையட்டும். பித்தளைச் சொம்பு, பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் தட்டு மூன்றையும் கவிழ்த்து வைத்தால் மூன்று சத்தம். உள்ளே வந்ததும் தலையைத் துவட்டி மிளகு ரசத்தைக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து கொடுத்துவிடுங்கள், மாமியாரும் சமாதானம் ஆவார்.

காகிதக் கப்பல் சீக்கிரம் ஊறிப்போகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் அழும். மடிப்பதற்கு முன் காகிதம் முழுக்க மெழுகுக் கிரேயானால் அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், கூடுதல் நேரம் மிதக்கும். கொட்டாங்குச்சி, வாழை மட்டை, காய்ந்த தென்னம்பாளை எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் விட்டு எது மிதக்கிறது என்று பார்க்கலாம். என் வகுப்பில் ஒரு பையன் தன் செருப்பையே விட்டுப் பார்த்தான். மிதந்தது. அன்றைக்கு எல்லாச் செருப்பும் தண்ணீரில்.

மரவட்டையைத் தொட்டால் சுருளும் என்று விரலை நீட்டுவார்கள், ஈர்க்குச்சியால் மட்டும் தொடச் சொல்லுங்கள். அது விடுகிற நீர் கண்ணில் பட்டால் எரியும்.

என் மகனால் ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளியில் கொடுக்கிற கைவினை வேலையைக் கடைசியில் நான்தான் செய்து அனுப்புகிறேன். – திருச்சி வாசகி

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் என்பதே நல்ல கணக்கு. நீங்கள் செய்து அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி ஒரு கண்ணோடு போனால் போகட்டும், டீச்சருக்குத் தெரியும் எது அம்மா கை, எது பிள்ளை கை என்று. நானே அந்தப் பக்கம் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலியில் நீலச் சங்குப்பூ பூத்திருந்தால் ஐந்தாறு பறித்து வரச் சொல்லுங்கள். வெந்நீரில் நீங்கள் போட்டு வையுங்கள், நல்ல நீலம் இறங்கும். ஆறியதும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அவன் கையால் எலுமிச்சையைப் பிழியட்டும், ஊதாவாக மாறும். இன்னொரு டம்ளரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான் என்று எனக்கு எழுதுங்கள்.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் பிள்ளைகளோடு செய்தால் காய்வதற்குள் வெடித்துவிடுகிறது. ஏன்? – மதுரை வாசகர்

வெயிலில் வைக்கிறீர்கள் போலிருக்கிறது. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதனால்தான் பிளக்கிறது. களிமண்ணில் கல்லைப் பொறுக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து, சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்து, நிழலில் ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காயவிடுங்கள். பிள்ளைகளின் பிள்ளையார் உள்ளங்கை அளவைத் தாண்ட வேண்டாம். தும்பிக்கையைத் தனியாக உருட்டி ஒட்டுவதைவிட உருண்டையிலிருந்தே இழுத்துவிட்டால் உதிராது.

கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நம் வழக்கம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வைக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாக மிட்டாய் மாதிரி இருக்கும், ஆனால் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அவ்வளவு கடுமையான நஞ்சு உள்ளே இருக்கிறது. கோலத்துக்கு, பல்லாங்குழிக்கு என்று டப்பாவில் போட்டு வைத்திருந்தால் அதையும் பரணில் ஏற்றிவிடுங்கள். பிள்ளையாருக்கு இரண்டு மிளகு போதும், நன்றாகவே பார்ப்பார். பூஜை முடிந்ததும் வாளித் தண்ணீரில் கரைத்து, அந்தச் சேற்றைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றுங்கள். கரைக்கும் வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடவே வேண்டாம், முதல் ஆளாக வாளியருகே நிற்பார்கள்.