குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை: வலியைக் குறைக்க முடியுமா?

29 வாரத்தில் பிறந்த எங்கள் குழந்தை, கண் பரிசோதனையின்போது வீறிட்டு அழுததாம். கண்ணைப் பார்ப்பதில் அவ்வளவு வலியா?

வலிக்கத்தான் செய்யும். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கடைசியாகப் போய்ச் சேருவது அதன் ஓரத்துக்கு. அந்த ஓரம்வரை பார்த்தால்தான் ஆர்.ஓ.பி. (குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய்) இருக்கிறதா என்று தெரியும். அதற்காக இமை மூடாதபடி சிறிய கம்பிக் கருவியை மாட்டி, மழுங்கிய முனையால் விழியை லேசாக அழுத்தித் திருப்புவார்கள். கண் கூசும் வெளிச்சம் வேறு. குறைமாதக் குழந்தைக்கு வலி தெரியாது என்பது பழைய நம்பிக்கை. வலியை அடக்கும் நரம்புப் பாதைகள் முதிராததால், அதற்கு வலி கூடுதலாகவே உறைக்கும்.

மரத்துப்போகும் சொட்டு மருந்து போட்டார்களே, பிறகும் ஏன் அழுகை?

அந்தச் சொட்டு விழியின் மேற்பரப்பை மட்டுமே மரக்க வைக்கும். இமை இழுபடுவதையும் விழி அழுந்துவதையும் அது தடுக்காது. அதனால் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பேன். கைகால் மடங்கியபடி துணியில் சுற்ற வேண்டும். சுமார் 2 நிமிடம் முன்பு மருத்துவமனையில் தரும் 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலைச் சில துளிகள் நாக்கில் விட்டு, சூப்பானைச் சப்பக் கொடுக்கலாம். இத்தனை செய்தாலும் வலி குறையுமே தவிர, முழுக்கப் போகாது. வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து எடுத்துப்போக வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் தாய்ப்பால்?

சில துளிகள் தரலாம், நர்ஸிடம் கேட்டுவிட்டு. வயிறு நிறைய மட்டும் வேண்டாம், எதுக்களிக்கும். பரிசோதனைக்காகக் கண்மணியை (கருவிழி நடுவில் உள்ள துளையை) விரிக்கும் சொட்டு மருந்து குடலையும் கொஞ்சம் மந்தமாக்கும்.

மயக்க மருந்து கொடுத்துவிட்டால் என்ன?

சில நிமிடப் பரிசோதனைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. மூச்சு தடைப்படும் ஆபத்து உண்டு. லேசர் சிகிச்சை என்றால் கதை வேறு.

சில குழந்தைகள் அழுவதே இல்லையாமே. வலிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மிகச் சிறிய, சோர்ந்த குழந்தைக்கு அழத் தெம்பிருக்காது. மூச்சுக்குழாய் போட்டிருந்தால் சத்தமே வராது. முகத்தைப் பாருங்கள்: புருவம் புடைக்கும், மூக்கின் இருபுறமும் மடிப்பு ஆழமாகும், விரல்கள் விறைத்து விரியும். மானிட்டரில் இதயத்துடிப்பு மாறும், ஆக்ஸிஜன் அளவு இறங்கும். பரிசோதனை முடிந்த பிறகும் ஓரிரு நாள் மூச்சு நின்று நின்று வரலாம் என்பதால் கவனம் தேவை.

நான் பக்கத்தில் இருக்கலாமா? பார்க்கவே பயமாக இருக்கிறது.

அனுமதித்தால் இருங்கள். ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதங்களிலும் குவித்து வைத்துக்கொண்டாலே குழந்தை சற்று அடங்கும். தடவாதீர்கள், தட்டாதீர்கள், அசையாமல் வைத்திருங்கள். பயமாக இருந்தால் வெளியே நில்லுங்கள், தப்பில்லை. முடிந்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். கண்மணி விரிந்தே இருக்கும் சில மணி நேரத்துக்கு வெளிச்சத்தை மறைத்து வையுங்கள். அழுகிறதே என்று அடுத்த பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ஆர்.ஓ.பி. சில நாட்களிலேயே முற்றிவிடக் கூடியது.