குப்பைமேட்டுக்கும் ஒரு விளக்கு

இந்த இதழுக்கு வந்தவற்றில் பாதிக்குமேல் கார்த்திகைக் கேள்விகள். மூன்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அம்மா போன பங்குனியில் காலமானார். ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது, கார்த்திகைக்கு விளக்கு வைக்காதே என்கிறார் அத்தை. ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறேன். எனக்குப் பக்தியும் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் அட்டைப்பெட்டியில் அம்மாவின் அகல்களைப் பார்த்தால் கை நீளுகிறது. ஏற்றலாமா? ஏற்றினால் அதற்கு என்ன அர்த்தம்?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அத்தையோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொல்கிற வழக்கம் உண்டு. பண்டிகையை நிறுத்தினாலும் சாமி விளக்கை நிறுத்துவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இதற்குமேல் சாஸ்திரம் பேச எனக்குத் தகுதியில்லை, நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

திருவண்ணாமலைக்கு மேற்கே, செங்கம் சாலையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நின்றால் மலை தெரியும். மாலை ஆறு மணிக்கு ஊரே கிழக்கே பார்த்து நிற்கும். மலையுச்சியில் ஒரு புள்ளி தெரிந்ததும் ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீடுகளில் விளக்கேறும்.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ஐப்பசி மழையில் அப்பா போய்விட்டார். அடுத்த மாதம் கார்த்திகை. வாசலில் கோலம் இல்லை, பொரியுருண்டை இல்லை. தீப்பொறி பறக்க மாவலி சுற்றுவதற்காகப் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி இடித்து வைத்திருந்த தம்பி, அந்தப் பொட்டலத்தை நெல்குதிருக்குப் பின்னால் ஒளித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். திண்ணை, மாடம் எல்லாம் இருட்டு.

ஆயா (எங்கள் பாட்டி) மட்டும் இரண்டு அகல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். ஒன்றைத் தொழுவத்தில் வைத்தாள், இன்னொன்றை எருக்குழி மேட்டில். ‘துக்க வீட்டில் விளக்கா அத்தை?’ என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ‘துக்கம் எங்களுக்குத்தானே? மாட்டுக்கும் எருவுக்கும் என்ன வந்தது?’ என்றாள் ஆயா. குரலில் கோபம்தான் இருந்தது.

கார்த்திகை விளக்கை ஏற்றும்போது சொல்லும் வடமொழிச் சுலோகம் ஒன்று உண்டு. புழு, விட்டில், கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் உள்ள உயிர்கள் எல்லாம் இந்த விளக்கைக் கண்டு பிறவி நீங்கட்டும் என்பது அதன் பொருள். நாற்பது வயதுக்கு மேல்தான் அது எனக்குத் தெரிய வந்தது. கொசுவுக்கும் மோட்சம் கேட்கிற வேறு வேண்டுதல் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆயாவுக்குச் சுலோகமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. சில ஊர்களில் பெரிய கார்த்திகைக்குப் பின் குப்பைக் கார்த்திகை என்றே தனி நாள் வைத்துக் குப்பைமேட்டில் விளக்கு வைக்கிறார்கள்.

அர்த்தம் கேட்டீர்கள். அக இருள், ஞான ஒளி என்று மேடையில் சொல்வார்கள். தவறில்லை, எனக்கு அந்தச் சொற்கள் ஒட்டுவதில்லை. நம்மை விட்டுவிட்டு மாட்டையும் கொசுவையும் நினைக்கச் சொல்கிற ஒரு மாலை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பக்தி இருக்கிறதா என்று கொசு கேட்காது.

வாசலில் வரிசை வேண்டாம், அத்தை மனமும் நோகாது. அம்மாவின் அகலில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். குப்பை சேர்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், காகிதமும் துணியும் இல்லாத மதிலோரமாகப் பார்த்து வையுங்கள். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாளியோடு ஓடிவருவார்.

கேள்வி: மலையுச்சியில் அவ்வளவு நெய்யை எரிப்பதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: நியாயமான கேள்வி, நானும் ஒரு காலத்தில் கேட்டதுதான். 2,668 அடி உயர மலைக்கு 3,500 கிலோவுக்கு மேல் நெய்யும், திரிக்காக 1,000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணியும் போகின்றன. தீபம் 11 நாள் எரிகிறது. அப்பா போன அந்த ஆண்டும் 11 இரவும் எரிந்தது. கரண்டு வராத ஊர். அம்மா ஒவ்வோர் இரவும் தொழுவத்தோரம் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவாள். அதனால் இந்த வழக்கில் நான் நடுநிலையான நீதிபதி அல்ல. வேறு யாரையாவது கேளுங்கள்.

கேள்வி: பொரியுருண்டை பிடித்தால் உதிர்ந்துவிடுகிறதே?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: பாகு பதம் போதவில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். அதுவரை அடுப்பை அணைக்காதீர்கள். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் பிடியுங்கள். ஆறிவிட்டதென்றால் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் தின்னுங்கள். நாங்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் தின்றோம்.